நீல டைக்கர்: மரம் உதிர்ப்பதைத் தின்று வாழும் குட்டி மான்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டொங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் கரும்புத் தோட்ட ஓரத்தில் ‘சின்னதாக ஒரு பக் (மான்) ஓடியது, நீல டைக்கராக இருக்கும்’ என்று யாராவது சொன்னால், அநேகமாக அது நீல டைக்கர் அல்ல. கரும்புக்குள் ஒளிந்து வாழப் பழகியது சாம்பல் டைக்கர். அதற்கு 15 முதல் 20 கிலோ எடை, நீண்ட கால்கள், நெற்றியில் குத்திட்டு நிற்கும் முடிக்கொத்து, மூக்கின்மேல் கறுப்புப் பட்டை. தென்னாப்பிரிக்காவில் நீல டைக்கரின் எடை 4 முதல் 5 கிலோதான். தோள் உயரம் 30 முதல் 35 சென்டிமீட்டர், அதாவது வளர்ந்த ஆளின் முழங்கால்கூட இல்லை. அளவைவிட முக்கியமான வேறுபாடு, அது மர நிழலை விட்டு வெளியே வருவதில்லை என்பது. கரும்பு எவ்வளவு அடர்ந்து நின்றாலும் நீல டைக்கருக்கு அது வெட்டவெளிதான். கரும்பிலிருந்து தின்ன எதுவும் உதிர்ந்து விழாது.

உதிர்வதை நம்பி வாழ்வது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால், இந்த விலங்கின் உடல்வாகு, நடை, குடும்பம், கடைசியில் அது சாகும் விதம் எல்லாமே ஒரே கயிற்றில் வந்துவிடும்.

முதலில் அடையாளத்தை முடித்துவிடுவோம். குவாசூலு-நட்டால் காடுகளில் இதோடு சேர்ந்து வாழ்வது சிவப்பு டைக்கர். 12 முதல் 14 கிலோ எடை, செங்கல் கலந்த செம்பழுப்பு நிறம். வளர்ந்த சிவப்பு டைக்கரைப் பார்த்துக் குழம்ப வழியில்லை. அதன் குட்டியைத்தான் நீல டைக்கர் என்று எழுதிவிடுகிறார்கள். அளவை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள். நீல டைக்கரின் முதுகு ஈயச் சாம்பலும் பழுப்பும் கலந்தது. வெயில் சாய்ந்து படும்போது மட்டும் அதில் ஒரு நீலப் பளபளப்பு ஓடும். வயிறும் தொடையின் உட்பக்கமும் வெளிறியிருக்கும். வால் குட்டை, மேல்பக்கம் கறுப்பு, ஓரம் வெள்ளை. இந்த வாலை மேலும் கீழுமாக ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். இருட்டுக் காட்டில் ஒரு வெளிச்சப் புள்ளி அணைந்து அணைந்து எரிவதுபோல் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

வடக்கே டெம்பே, ஃபால்ஸ் பே பக்கத்து மணற்காடுகளில் இதே அளவில் சூனி என்று இன்னொன்று உண்டு. சூனி வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். அதில் ஆணுக்கு மட்டுமே கொம்பு. அந்தக் கொம்பில் வளையங்கள் நெடுக ஏறும். தென்னாப்பிரிக்க நீல டைக்கரில் ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு இருக்கும், சில பெண்களுக்கு மட்டும் இருக்காது. கொம்பு என்றாலும் சில சென்டிமீட்டர் நீளமுள்ள கூம்புதான். உச்சிமுடிக்குள் பாதி மறைந்துவிடுவதால் கொம்பே இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம்.

தமிழ்நாட்டுக் காடுகளைத் தெரிந்தவர்கள் இதைச் சருகுமான் என்று சொல்லிவிடுவதும் உண்டு. உருவமும் பதுங்கும் குணமும் ஒன்றுதான், உறவு வெகு தூரம். சருகுமானுக்குக் கொம்பே கிடையாது. ஆணுக்கு வாய்க்கு வெளியே நீட்டும் கோரைப்பல் உண்டு, உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் உண்டு, நடமாட்டம் பெரும்பாலும் இரவில். நீல டைக்கர் மாடு, ஆடு, இரலை எல்லாம் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. கொம்பு உதிராது, இரைப்பைக்கு நான்கு அறைகள், நடமாட்டம் பகலில். வெவ்வேறு கண்டத்தில், வெவ்வேறு குடும்பத்தில் பிறந்த இரண்டு விலங்குகளை ஒரேமாதிரியான காட்டுத்தரை ஒரேமாதிரியான உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. நீல டைக்கரின் அறிவியல் பெயர் ஃபிலன்டோம்பா மோன்டிகோலா. கேப் பகுதியில் 1772 முதல் 1775 வரை தங்கிச் செடிகொடிகளையும் விலங்குகளையும் சேகரித்த ஸ்வீடன் நாட்டவர் கார்ல் பீட்டர் துன்பெர்க் 1789இல் இதை விவரித்தார். சூலு மக்கள் இபிதி என்பார்கள்.

ஏன் இவ்வளவு சிறியது?

சிறிய உடம்புக்கு ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் சக்தி, பெரிய உடம்புக்குத் தேவைப்படுவதைவிட மிக அதிகம். அசைபோடும் விலங்குக்கு இது இரட்டைச் சிக்கல். எருமையின் பெரிய இரைப்பையில் முரட்டுப் புல் நீண்ட நேரம் ஊறிப் புளித்துச் சத்தாக மாறும். நான்கு கிலோ உடம்புக்குள் இருக்கும் இரைப்பையில் அவ்வளவு இடமும் இல்லை, காத்திருக்க அவகாசமும் இல்லை. அதனால் நீல டைக்கர் புல்லை நம்பிப் பிழைக்க முடியாது. பழம், பூ, இளந்தழை, காளான் போன்று நார் குறைந்து சத்து கூடிய உணவுதான் வேண்டும். அப்படிப்பட்ட உணவு காட்டில் குவியலாகக் கிடைக்காது. இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று சிதறிக் கிடக்கும். அதைத் தேடிப் பொறுக்கச் சிறிய வாய், கூரிய மோப்பம், தரையோடு ஒட்டிய உயரம் போதும்.

உடம்பு முழுவதும் இதற்கேற்பவே அமைந்திருக்கிறது. முன்னங்காலைவிடப் பின்னங்கால் நீளம். முதுகு வளைந்து, பின்பக்கம் தூக்கி, தலை தாழ்ந்து நிற்கும். ஆப்பு வடிவத்தில் இருக்கும் இந்த உடம்பு புதருக்குள் தலையைக் கொடுத்தால் மீதியெல்லாம் தானாக உள்ளே போய்விடும். கொம்பு நெற்றிக்கு நேராகப் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் கொடியில் சிக்காது. கண் பெரியது, பகலிலும் அடர்காட்டின் தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் குறைவு.

உடலின் குறைபாடும் இங்கிருந்தே வருகிறது. திடீரென்று பாய்ந்து பத்திருபது மீட்டர் ஓடி மறைவதற்கு இந்த உடம்பு அருமையானது. நீண்ட தூரம் துரத்தப்பட்டால் தாங்காது.

மேலே இருப்பவர்கள் கொடுக்கும் சாப்பாடு

நீல டைக்கர் மரமேறாது. பின்னங்காலில் எழுந்து நின்று கிளையை வளைக்கும் பழக்கமும் இல்லை. ஆகவே அதன் உணவின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது காற்று, மழை, குரங்கு, பறவை. வெர்வெட் குரங்குக் கூட்டம் அத்திமரத்தில் ஏறினால் தின்பதைவிடக் கீழே சிந்துவது அதிகம். பாதி கடித்த பழம், ஒடித்த கிளைநுனி, இளந்தழை எல்லாம் தரைக்கு வரும். ட்ரம்பெட்டர் இருவாய்ச்சியும் டுராக்கோ பறவையும் பழங்களை உதிர்த்துவிட்டுப் போகும். நீல டைக்கர் இந்தச் சத்தத்தைக் கேட்டு அந்த மரத்தடிக்கு வந்து நிற்கும். குரங்குகளால் இன்னொரு லாபமும் உண்டு: கழுகு வந்தால் மேலே இருப்பவர்கள் முதலில் கத்துவார்கள்.

கடலோரக் காட்டில் இது விரும்பும் மரங்களைக் கவனித்தால் விலங்கைத் தேடும் வேலை பாதி முடிந்துவிடும். அத்தி வகைகளில் ஃபிக்கஸ் நட்டாலென்சிஸ் முக்கியம். அத்தி எல்லா மரத்திலும் ஒரே சமயத்தில் பழுக்காது. ஒரு மரம் ஓய்ந்தால் இன்னொன்று தொடங்கும். மற்ற பழங்கள் இல்லாத மாதங்களில் காட்டைத் தாங்குவது அதுதான். நம் நாவல் மரத்துக்கு நெருங்கிய சொந்தமான உம்டோனி ஈரமான பள்ளங்களில் ஊதாப் பழங்களைக் கொட்டும். ஒயிட் ஸ்டிங்க்வுட் என்கிற செல்டிஸ் ஆஃப்ரிக்கானாவும், வைல்ட் பிளம் எனப்படும் புளிப்புப் பழ மரமும் பட்டியலில் சேரும்.

பழம் குறையும் காலத்தில், குறிப்பாக மழையற்ற குளிர்மாதங்களில், உதிர்ந்த இலைதான் சோறு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய்ந்து மொறுமொறுக்கும் சருகு அல்ல, அன்றோ முந்தின நாளோ விழுந்து இன்னும் ஈரம் காயாத இலையைத்தான் தேர்ந்தெடுக்கும். இரவில் காற்றடித்த மறுநாள் காலை இவை வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதுவே. பூ, காளான், மரப்பிசின், அவ்வப்போது பூச்சி என்று கிடைப்பதையும் சேர்த்துக்கொள்ளும். தண்ணீர் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்தே கிடைத்துவிடுவதால் ஓடைக்கரையில் காத்திருந்து இதைப் பார்க்க நினைப்பது வீண்.

பெரிய கொட்டையுள்ள பழத்தை விழுங்கினால், பிறகு மறைவில் படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் வெளியே துப்பிவிடும். தாய்மரத்தின் அடியிலிருந்து விதை நகர்ந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது. ஒதுக்குப்புறமான புதரடியில் சுத்தமான கொட்டைகள் சின்னக் குவியலாகக் கிடந்தால் அங்கே எதுவோ படுத்து அசைபோட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உணவு இப்படிச் சிதறிக் கிடப்பதுதான் சமூக வாழ்க்கையையும் முடிவு செய்கிறது. ஆப்பிரிக்க இரலைகளின் உடல் அளவு, உணவு, கூட்டத்தின் அளவு மூன்றையும் இணைத்துப் பீட்டர் ஜார்மன் 1974இல் எழுதிய ஆய்வு இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். அதன் சாரம் எளிது. புல்வெளியில் நூறு விலங்கு சேர்ந்து மேயலாம், ஒன்று தின்றதால் அடுத்ததற்குக் குறையாது. காட்டுத்தரையில் ஒரு பழத்தை ஒன்று எடுத்தால் பின்னால் வரும் விலங்குக்கு இல்லை. கூட்டம் கட்டுப்படியாகாது, ஜோடிதான் கட்டுப்படியாகும்.

ஜோடியும் அவர்கள் நிலமும்

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக வாழ்கின்றன. தென்னாப்பிரிக்காவில் ஒரு ஜோடியின் நிலம் பெரும்பாலும் ஒரு ஹெக்டேரைக்கூடத் தாண்டாது. காபோன் மழைக்காடுகளில் இதைவிடப் பல மடங்கு பெரிய எல்லைகள் பதிவாகியுள்ளன. நிலம் இவ்வளவு சிறியதாக இருப்பதால் ஒவ்வொரு புதரும், ஒவ்வொரு விழுந்த மரமும், எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதும் அவற்றுக்கு அத்துப்படி.

எல்லைக்குறி போடக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சுரப்பி இருக்கிறது. வெளியே பார்த்தால் முகத்தில் வளைந்த ஒரு கறுப்புக்கோடு மாதிரித் தெரியும். குச்சியின் நுனியிலும் அடிமரத்திலும் அதைத் தேய்த்து மணம் விட்டுப் போகும். குளம்புகளுக்கு இடையிலும் சுரப்பி உண்டு, ஆக நடந்த பாதையே கையெழுத்துப் போட்ட பாதைதான். ஜோடி இரண்டும் எதிரெதிரே நின்று ஒன்றின் சுரப்பியை மற்றதன் முகத்தில் அழுத்திக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். ஆண் கொம்பால் மரப்பட்டையைச் சுரண்டும். தரைக்கு மிக அருகே, ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் இருக்கும் அந்தச் சுரண்டலைப் பலர் எலி வேலை என்று விட்டுவிடுகிறார்கள். பெண் ஆணைவிடச் சற்றே கனமானது.

ஏறக்குறைய ஏழு மாதம் சினை. ஒரே குட்டி, 400 கிராம் அளவில். பிறந்த குட்டியைத் தாய் புதருக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும், பாலூட்ட மட்டும் வரும். குட்டி இரண்டு மூன்று மாதத்தில் பால் மறந்து, ஒரு வயதை ஒட்டிப் பருவத்துக்கு வரும். அதற்குப் பின் பெற்றோர் நிலத்தில் இடம் கிடையாது, வெளியேறித்தான் ஆக வேண்டும். இந்த வெளியேற்றமே அதன் வாழ்வில் மிக ஆபத்தான கட்டம். தெரிந்த நிலத்தை விட்டுத் தெரியாத நிலத்துக்குள் நுழைகிறது. இடையில் சாலை, வேலி, நாய். சாலையில் அடிபட்டுக் கிடப்பவற்றைப் பார்க்க நேர்ந்தால் வயதைக் கவனியுங்கள்.

பள்ளத்தாக்குகளில் மட்டும் மிஞ்சியது ஏன்?

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து டர்பனில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களும், அவர்களுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு வந்துகொண்டிருந்தவர்களும் பாடுபட்ட கரும்புத் தோட்டங்கள் பெரும்பாலும் கடலோரக் காடும் புல்வெளியும் இருந்த நிலத்தில் அமைந்தவை. சமவெளியும் மென்சரிவும் கரும்புக்குப் போயின. பிறகு நகரம் வளர்ந்தபோது, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் 1960களில் எழுந்த சாட்ஸ்வர்த் போன்ற குடியிருப்புகள் மேட்டு முதுகுகளை எடுத்துக்கொண்டன. ஏர் ஓட்ட முடியாத, வீடு கட்ட முடியாத செங்குத்துப் பள்ளங்களில் மட்டும் காடு தங்கியது. தென்னாப்பிரிக்க நிலப்பரப்பில் இயற்கைக் காடு நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதுவும் துண்டு துண்டாக.

ஒரு ஜோடிக்கு ஒரு ஹெக்டேர் போதும் என்பதால் இந்தத் துண்டுகளிலும் நீல டைக்கர் தாக்குப்பிடித்திருக்கிறது. டர்பனுக்கு மேலே க்ரான்ஸ்குளூஃப் பள்ளத்தாக்கு, தெற்கே ஓரிபி கார்ஜ், வடக்கே எஷோவே ஊருக்குள்ளேயே இருக்கும் சுமார் 250 ஹெக்டேர் டிளின்ஸா காடு ஆகியவை இதற்குத் தெரிந்த இடங்கள். ஆனால் பத்து ஜோடி வாழும் துண்டு என்றால், அங்கே பிறக்கும் குட்டி வேறு துண்டுக்குப் போக வழி இல்லாதவரை, உறவுக்குள்ளேயே இணைசேர வேண்டிய நிலைதான். ஒரு நோயோ இரண்டு வேட்டை நாயோ அந்தத் துண்டையே காலிசெய்துவிட முடியும். மறுபடி நிரப்ப வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். பச்சையாகத் தெரியும் காடு உள்ளே வெறுமையாக இருக்கலாம். டர்பன் மாநகராட்சி ‘டிமாஸ்’ என்ற பெயரில் திறந்தவெளிகளைத் தொடராக வரைபடத்தில் குறித்து அங்கே கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துவதன் பலன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. ஒரு துண்டின் பரப்பைவிட அடுத்த துண்டோடு அதற்குள்ள தொடர்பு பெரிய விஷயம்.

உலக அளவில் இதற்கு உடனடி ஆபத்தில்லை. நைஜீரியாவிலிருந்து கென்யாவரை, தெற்கே கேப் வரை பரவியிருக்கிறது, மத்திய ஆப்பிரிக்காவில் காட்டிறைச்சியாகப் பெருமளவில் விற்கப்பட்டும் இன்னும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2016 செம்பட்டியலில் மட்டும் இது ‘அழிவுக்கு உள்ளாகக்கூடிய’ இனம். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் உள்ளது.

கழுகுக்குத் தப்பும், கம்பிக்குத் தப்பாது

இதன் இயற்கை எதிரிகளில் முதன்மையானது கிரவுன்ட் ஈகிள் என்று இங்கே எல்லாரும் சொல்லும் கொண்டைக் கழுகு. தன்னைவிடக் கனமான இரையையும் அடிக்கும் பறவை அது. டர்பன் பள்ளத்தாக்குகளில் உயர்ந்த யூகலிப்டஸ் மரங்களில்கூடக் கூடு கட்டுகிறது. கிளையில் அசையாமல் உட்கார்ந்து கீழே அசைவதைப் பார்த்து விழும். அடுத்து மலைப்பாம்பு, கராகல் பூனை. இவற்றுக்கு எதிராக நீல டைக்கருக்கு மூன்று உத்திகள்: உறைந்து நிற்பது, மூக்கால் சீறித் துணைக்கு எச்சரிக்கை கொடுத்துப் புதருக்குள் பாய்வது, மேய்ச்சலுக்கும் படுக்கைக்கும் இடையே தேய்ந்த பாதைகளிலேயே நடப்பது. மூன்றாவது உத்தியின் பயன் வெளியே தெரியாது. பழகிய பாதையில் சருகு விலகியிருக்கும், நடையில் சத்தம் வராது. ஆபத்து வந்தால் எந்த வளைவில் எந்த ஓட்டைக்குள் நுழைய வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

மனிதன் வைக்கும் கம்பிக் கண்ணி இந்த மூன்றாவது உத்தியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. தினமும் ஒரே ஓட்டைக்குள் தலையைக் கொடுக்கும் விலங்கைப் பிடிக்க ஆள் காத்திருக்கத் தேவையில்லை. வேட்டை நாயோ முதல் உத்தியைத் தோற்கடிக்கிறது. உறைந்து நிற்பது கண்ணை ஏமாற்றும், மூக்கை ஏமாற்றாது. கிளப்பிவிட்ட டைக்கர் தன் நிலத்துக்குள்ளேயே வட்டமடிக்கும், விரைவில் களைக்கும், தெரிந்த நிலத்துக்கு வெளியே விரட்டப்பட்டால் ஒளிய இடம் தெரியாது. வீட்டு நாயும் இதில் அடக்கம். இரவில் அவிழ்த்துவிட்டு அதிகாலையில் திரும்பி வரும் நாய் என்ன செய்துவிட்டு வந்தது என்று வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை.

கண்ணி தேடும் குழுக்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நிமிர்ந்து நடந்தால் கண்ணி தெரியாது. நான்கைந்து பேர் மூன்று, நான்கு மீட்டர் இடைவெளியில் வரிசையாக, கண்ணைக் கெண்டைக்கால் உயரத்தில் வைத்து, மெதுவாக நகர வேண்டும். அதே பட்டையில் எதிர்த்திசையிலும் ஒருமுறை திரும்பி வர வேண்டும். ஒரு பக்கம் வெளிச்சத்தில் மறைந்த கம்பி மறுபக்கம் மின்னும். கம்பியைத் தேடுவதைவிட அதற்கான ஏற்பாட்டைத் தேடுவது சுலபம்: ஒடித்த கிளைகளைத் தரையோடு அடுக்கிய நீண்ட தாழ்வேலி, அதில் அங்கங்கே விட்ட இடைவெளி, வளைத்துக் கட்டிய இளமரம், கம்பி அறுத்த வட்டத் தழும்புள்ள அடிமரம், சருகே இல்லாமல் வட்டமாக உழப்பட்ட மண். கடைசியாகச் சொன்னது இருந்தால் ஏற்கெனவே ஒன்று சிக்கித் துடித்திருக்கிறது. கண்ணியைத் தளர்த்திவிட்டு வருவது வேலையில்லை, மறுநாளே திரும்ப மாட்டப்படும். படமெடுத்து, இடக்குறிப்பை எழுதி, வெட்டி, கம்பியைக் கையோடு எடுத்து வர வேண்டும். காப்பகம் என்றால் அங்குள்ள காவலர்களுக்கு முன்பே சொல்லாமல் இறங்கக் கூடாது. அவர்களே அந்த இடத்தைக் கண்காணித்துக்கொண்டிருக்கலாம். கண்ணி வைத்தவர் அருகிலேயே இருக்கவும் கூடும்.

பார்ப்பதற்கு

நடந்துகொண்டே தேடினால் கிடைப்பது ஒரு சீறலும் ஒரு வெள்ளை வால்நுனியும்தான். உட்கார வேண்டும். விடிந்து முதல் இரண்டு மணி நேரம், மாலையில் வெயில் சாயும் நேரம். இரவில் படுத்துவிடும், டார்ச் அடித்துப் பயனில்லை. பழம் கொட்டும் மரம் ஒன்றை முந்தின நாளே பார்த்துவைத்து, காற்று மரத்திலிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கமாக, பதினைந்து மீட்டர் தள்ளி முதுகுக்கு ஒரு அடிமரத்தை வைத்து அமருங்கள். சரசரக்கும் மழைக்கோட்டு வேண்டாம். விலங்கைத் தேடாதீர்கள்; அசையும் வாலைத் தேடுங்கள். டிளின்ஸாவில் 2000இல் திறந்த 125 மீட்டர் நீள மரப்பாலம் பறவை பார்ப்பவர்களுக்காகப் போட்டது என்றாலும் அங்கே மேலேயிருந்து கீழே தரையைப் பார்க்கலாம். மனித மணம் தலைக்கு மேலே போய்விடும்.

தடயங்களில் குளம்புத் தடம் இரண்டு சென்டிமீட்டரை ஒட்டியது, ஈரமண்ணில் மட்டும் பதியும். புழுக்கை மிளகு அளவு, சிறு குவியல்களாக.

தானியங்கிக் கேமரா வைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு உயரம். மற்ற மான்களுக்கு வைப்பதுபோல் முழங்காலுக்கு மேலே கட்டினால் முதுகு மட்டும் பதிவாகும் அல்லது சென்சாருக்குக் கீழேயே நடந்து போய்விடும். தரையிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர் போதும். பாதைக்குக் குறுக்காக வைத்தால் கேமரா விழிப்பதற்குள் விலங்கு கடந்துவிடும். பாதையோடு சாய்கோணமாக, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். எதிரே உள்ள புல்லையும் பெரணியையும் வெட்டாவிட்டால் காற்றில் ஆடும் இலைகளே மெமரி கார்டை நிரப்பும். ஆனால் பாதையையே சுத்தம் செய்துவிடாதீர்கள், மாறிப்போன பாதையை டைக்கர் சில நாளுக்குத் தவிர்க்கும். டர்பன் கோடையில் நண்பகல் தரையின் வெப்பமும் விலங்கின் வெப்பமும் நெருங்கிவிடுவதால் சென்சார் தவறவிடுவது இயல்பு. படம் இல்லை என்பதால் விலங்கு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

காட்டோரம் வீடு உள்ளவர்களுக்கு

வாசலையும் தோட்டத்தையும் கூட்டிப் பளிச்சென்று வைப்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். வாசல் வரை சரி. காட்டை ஒட்டிய கடைசிப் பத்தடியில் உதிர்ந்த இலையை அப்படியே விடுங்கள், அதுதான் டைக்கரின் தட்டு. கூட்டியதைக் காட்டுக்குள் கொட்டுவது இன்னும் மோசம், தோட்டச் செடிகளின் விதையும் தண்டும் அங்கே வேர்பிடித்துவிடும். உண்ணிச்செடி, குரோமோலேனா போன்ற அயல்நாட்டுப் புதர்கள் புகுந்த காட்டோரத்தை ஆர்வத்தில் ஒரே வாரத்தில் வெட்டி வழித்துவிடுவதும் தவறுதான். அந்தப் புதர் மரமாக வளர்ந்து எதையும் உதிர்க்கப் போவதில்லை என்பது உண்மை. ஆனாலும் தற்போதைக்கு அதுதான் மறைவு. பட்டை பட்டையாக வெட்டி, வெட்டிய இடத்தில் நாட்டு மரக்கன்று தலைநிமிர்ந்த பிறகு அடுத்த பட்டைக்குப் போக வேண்டும்.

வேலி விஷயத்தில் எளிய விடை இல்லை. தரையோடு ஒட்டிய வேலி இளம் டைக்கர் வெளியேறும் வழியை அடைக்கிறது. அடியில் ஒரு சாண் அளவுக்கு இடைவெளி விட்டால் அது தலை தாழ்த்தி நுழைந்துவிடும், நாயும் நுழையும். நாய் இல்லாத வீடென்றால் இடைவெளி விடலாம். நாய் இருக்கும் வீட்டில் காட்டுப்பக்க வேலியை இறுக்கமாகவே வைத்திருப்பதுதான் டைக்கருக்கு நல்லது.

புதருக்குள் தனியாகப் படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் அநாதை என்று தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும், நீங்கள் போனால் வரும். நாயைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவதே உதவி. காயம் இருந்தாலோ, ஈ மொய்த்து முட்டையிட்டிருந்தாலோ, தாய் சாலையில் அடிபட்டுக் கிடந்தாலோ மட்டும் எடுக்கலாம். துண்டால் முகத்தை மூடி, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்து, எசெம்வெலோ வனவிலங்குத் துறையையோ அனுமதி பெற்ற மறுவாழ்வு மையத்தையோ அழைக்க வேண்டும். பசும்பால் ஊற்றாதீர்கள், வயிற்றுப்போக்கில் ஒரே நாளில் போய்விடும். பெரிய டைக்கர் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை: பிடித்த பயத்திலேயே தசைகள் சிதைந்து, விடுவித்த பிறகு சில மணி நேரத்திலோ சில நாளிலோ செத்துப்போவது இதுபோன்ற சிறு இரலைகளில் சாதாரணம். வளர்க்கலாமே என்ற எண்ணமும் வேண்டாம். 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட இனமாக இது இருப்பதால், அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம்.